முதுகுக்கு முதுகு

காங்கரியாவில் இரண்டாம் நாளும்
விடியாமலே விடிந்தது.
என் வலது முட்டி பிசைந்து வைத்த மாவுருண்டைபோல்
உப்பிக் கிடந்தது.
எழுபத்தொரு கிலோ என்றேன்.
நந்தபீர் ரோகாயா ஏற இறங்கப் பார்த்தார்.
'மழையில் நனைந்தால் எழுபத்து மூன்று.'
அதற்கும் சேர்த்தே கூலி பேசினோம்.

மூங்கில் கூடையில் ஒரு பக்கத்தை வெட்டிவிட்டுப்
பலகை பொருத்தியிருந்தார்கள்.
ஏறி உட்கார்ந்தால்
அவர் முகம் போகிற வழிக்கு,
என் முகம் வந்த வழிக்கு.
இருவர் மேலும் ஒரே நெகிழித்தாள்.
அவர் நெற்றியில் பட்டை இறுகும் சத்தம்
என் பிடரியில் கேட்டது.

பூக்களின் பள்ளத்தாக்கு.
பெயர்ப்பலகை மட்டும்தான் எனக்கு எதிரே நின்றது,
அதுவும் கடந்த பிறகு, முதுகு காட்டி.
பிறகு எதுவுமே என்னிடம் வரவில்லை.
தோளோரம் ஒரு பாறை சட்டென்று முளைக்கும்,
சிறுக்கும், மேகத்துக்குள் போய்விடும்.
பூர்ஜ மரங்கள் பட்டை உரிந்த கைகளோடு
விடைகொடுத்துக்கொண்டே இருந்தன,
நான் இன்னும் வந்தே சேரவில்லை.

'ஊதா வருது' என்றார்.
எங்கே?
மூன்று மூச்சு கழித்து
என் செருப்புக்குக் கீழே வந்தது ஊதா.
'வலப்பக்கம் பாம்புத்தலை.'
என் இடப்பக்கம் படமெடுத்தது.
'மஞ்சள். நிறைய. கொஞ்சம் பொறுங்க.'
பொறுத்தேன்.
அவருக்கு முடிந்துபோனது
எனக்கு நடக்கப்போவதாக இருந்தது.

பெயர்கள் தெரியுமா என்று கேட்டேன்.
ஜாஜர்கோட்டிலிருந்து பதினாறு ஆடிகளாக வருகிறாராம்,
பார்த்ததெல்லாம் தன் காலடியைத்தானாம்.
'இதுகளும் காலடியிலேயே இருக்குதுங்க,
அதனால பழக்கம்.
மேலே மலை எப்படி இருக்கும்னு
நீங்கதான் சொல்லணும்.'

மேலே ஒன்றுமில்லை, மேகம்தான் என்றேன்.

சரிவில் ஆறேழு பெண்கள்
இடுப்பளவு வெள்ளைப் பூச்செடிகளை
வேரோடு பிடுங்கிக் குவித்துக்கொண்டிருந்தார்கள்.
பூவைப் போய்ப் பிடுங்குகிறார்களே?
'அதுவும் பூதான்' என்றார்.
'அதிகமாயிடுச்சு.'

ஓடை. இரண்டு மரத்துண்டுகள், சேர்த்துக் கட்டியது.
'இப்ப பேசாதீங்க.'
எனக்குத் தெரிந்ததெல்லாம்
அவர் பாதம் விட்டுவந்த மரத்தில்
ஈரம் ஈரமாய் ஒரு அச்சு,
அதைத் தண்ணீர் தின்பது.
என் உயிரை
அது போன பிறகே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கரையில் மூச்சு வாங்க நின்றார்.
அப்போது கிழிந்தது.
வந்த திசையில், ஓடைக்கு மேலே, எதிர்பாராத உயரத்தில்
ஒரு வெண்பனிச் சரிவு
கழுவின பாத்திரம்போல் தொங்கியது.
நந்தபீர், மலை!
'எந்தப் பக்கம்?'
உங்களுக்குப் பின்னால்.

திரும்பினார்.

திரும்பியதில் மலை என் கண்ணைவிட்டுப் போனது.
பதிலுக்கு,
காலையிலிருந்து முதல் முறையாக,
வரப்போகிற பள்ளத்தாக்கு முழுவதும்
என் எதிரே நின்றது.
ஊதா, மஞ்சள், மறுபடி ஊதா,
மழையை இழுத்துக்கொண்டு தாங்களே ஓடிவருவதுபோல.
யாரும் சொல்லாமலே பார்த்தேன்.

அவர் பேசவில்லை.
நானும் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.
என் பாரம் அவர் நெற்றியில் தொங்கத் தொங்க
எவ்வளவு நேரம் நின்றிருப்போம்?
அட்டைப்பூச்சி ஒன்று என் காலுறைக்குள்
போய்ச்சேர்கிற நேரம்.

திரும்பும் வழியில் ஓடை தாண்டியதும்
இறக்கிவிடச் சொன்னேன்.
முட்டி?
வலிக்கட்டும், நாற்பது அடிதானே.
காலிக் கூடையோடு அவர் பின்னால் வந்தார்.
தூரத்தில் ஒரு காசித்தும்பை
சிறிதாக இருந்தது.
அடுத்த அடியில் கொஞ்சம் பெரிதாக.
வந்துகொண்டே இருந்தது.
வந்து
முட்டியில் இடித்தது.